மூன்று விநாடி

செவ்வாய்க்கிழமை.

மாலை 4.17-க்குச் செய்தி வந்தது. எல்லா டெஸ்ட்டும் பாஸானால் நாளை ஆபீஸ் சாஃப்ட்வேரின் பழைய திரையை நிறுத்திவிடுவார்களாம். இறப்பதற்கு முன் என் மனைவி கவிதா எழுதிய திரை. புதியதும் அதைப் போலவே இயங்குகிறதா என்று டெஸ்ட் எழுதுவது என் வேலை.

ஒரு டெஸ்ட்தான் ஃபெயில். பழையதில் டெலிட் அழுத்தினால், மனம் மாற மூன்று விநாடி தரும். என் அவசரக் கைக்காக அவள் வைத்தது; புதியதில் இல்லை. "பறக்காத, மூணு எண்ணு" என்பாள்.

"அது ஸ்பெக்லயே இல்ல குரு, யாரும் கேக்கவே இல்ல, அந்த டெஸ்ட்ட தூக்கிடு," என்றான் டீம் லீட் மஞ்சு.

"பாக்கறேன்," என்றேன்.

தூக்கவில்லை. வீட்டில் பழைய திரையைத் திறந்து டெலிட் அழுத்தினேன். இரண்டு வரை எண்ணி, வேண்டாம் என்றேன். திரும்பத் திரும்ப. மஞ்சு கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போனை அணைத்துவிட்டேன்.