பகல் குறட்டை

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்.

"நைட் ஷிப்ட் போய் பகல் வேலை கிடைச்சிருக்கு, உன் மூஞ்சியில ஈயாடலையே!" என்று நேற்று கோபித்துக்கொண்டீர்கள். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கம்ப்யூட்டரில் பங்கு வாங்கி விற்கும்போது விலை சரிந்தால் எனக்குப் பதறிவிடும். அந்த வேகத்தில் கண்டதையும் விற்றுத் தொலைப்பேன். அதனால் எழுந்து வந்து, நீங்கள் தூங்கும் அறை வாசலில் நிற்பேன். உங்கள் குறட்டையோடு சேர்ந்து பத்து மூச்சு விடுவேன். பதற்றம் அடங்கிய பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொடுவேன். இரண்டு வருடமாக இதுதான் என் வைத்தியம். அந்தக் குறட்டையால் வீடே இரண்டுபடுகிறது என்று உங்கள் தங்கையிடம் புலம்பியவளும் நான்தான்.

இன்று பதினோரு மணிக்கு விலை சரிந்தது. பழக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். கட்டிலில் மடித்த போர்வைதான் இருந்தது. திரும்பிப் போய் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

இதற்காக மறுபடி நைட் ஷிப்ட் கேட்டுவிடாதீர்கள்.

பி.கு.: விடியற்காலையில் எழுந்த களைப்பு இருக்கும், சாப்பிட்டதும் படுங்கள். சாவி எடுத்துப் போகிறேன், நானே திறந்துகொள்வேன்.

அறைக்கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள்.