மூன்று விரல் பிசைந்த ரொட்டி

ஹார்லன் துறை, ஓஹையோ
1852 ஜனவரி 14

அன்புள்ள எலைஷாவுக்கு,

இங்கே நலம். கம்பளிச் சட்டை போடாமல்தான் வாஷிங்டனில் நாடாளுமன்றச் சபைக்குப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஞாயிறன்று நம் முன்ஜன்னலை மறுபடி உடைத்தார்கள். கல்லோடு செத்த கோழியும் வந்தது, கழுத்தில் உங்கள் பெயர் எழுதிய சீட்டு. எதிர்வீட்டில் இருக்கும் தேவாலய டீக்கன் ஹாஸ்கின்ஸ், "உன் புருஷன் வாய மூடிக்கிட்டா உன் கண்ணாடி மிஞ்சும்மா" என்று சிரிக்கிறார்.

கெண்டக்கியிலிருந்து தப்பி வந்து நம் அடுக்களையில் ஒளிந்திருக்கும் கெசையாவுக்கு நாய் கடித்த கால் ஆறி வருகிறது. விரைவில் கனடாவுக்கு அனுப்பிவிடலாம். எழுதக் கற்றதற்காக எஜமான் இரண்டு விரலை வெட்டினானே, அந்தக் கையால்தான் இன்னும் ரொட்டி பிசைகிறாள், சொன்னால் கேட்பதில்லை. தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கச் சொல்லும் சட்டத்தை நீங்கள் எதிர்த்துப் பேசப்போவதைச் சொன்னேன். "ஐயா பேசட்டும்மா. என் கதைய மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லுங்க. யாருக்கும் தெரியாத வரைக்குந்தான் எனக்கு உசுரு" என்றாள். மறந்துவிடாதீர்கள்.

உங்கள்
ஆல்மைரா

வாஷிங்டன்
பிப்ரவரி 2

அன்பு ஆல்மைரா,

பதறாதே. நெற்றியில் தையல் போட்டிருக்கிறது, கண் தப்பியது. அடிமைகளை வைத்திருக்கும் தென்னாட்டு உறுப்பினர் ஒருவர் வெள்ளிப்பூண் கைத்தடியால் அடித்தார். விழுந்த பிறகும் அடித்தார். ஆனால் பேசி முடித்த பிறகுதான் விழுந்தேன்.

சுதந்திரம் அரசாங்கம் போடும் பிச்சையல்ல, மனிதன் பிறக்கும்போதே கொண்டுவருவது என்றேன். அதைக் காக்கத்தான் அரசாங்கம், திருடனுக்கு ஏவல் செய்யும் அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்றேன். கொட்டாவி விட்டார்கள். அதனால்தான் சொன்னேன்: "எழுதக் கற்றதற்காக இரண்டு விரல் இழந்த கை பிசைந்த ரொட்டியை என் வீட்டு மேசையில் உண்டேன்." சபையே அடங்கிப்போயிற்று. கெசையாவின் பெயரைச் சொல்லவில்லை, கவலைப்படாதே. எல்லாப் பத்திரிகைகளும் போட்டிருக்கின்றன.

உன்
எலைஷா

ஹார்லன் துறை
பிப்ரவரி 16

எலைஷா,

பத்திரிகை கெண்டக்கிக்கும் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை காலை வந்தார்கள். அவளுடைய எஜமான் புரூட்டின் கையில் உங்கள் பேச்சு வந்த தாள். கூட வந்த அரசாங்க மார்ஷல் தெருவையே துணைக்கு அழைத்தார். உதவாதவனுக்குச் சிறை என்பதுதான் புதுச் சட்டமாயிற்றே. ஹாஸ்கின்ஸ் நம் பின்கதவைக் கோடரியால் பிளந்தார்.

"கைய நீட்டு" என்றான் புரூட். நீட்டினாள், சோப்புக்குக் கொதித்துக்கொண்டிருந்த சாம்பல் காரத்தை அகப்பையில் அள்ளி அவன் முகத்தில் வீசி. அவன் முகத்தோல் வழன்று தொங்கியது. துப்பாக்கிக் கட்டையால் அவள் தோளை உடைத்தார்கள். குறுக்கே விழுந்த எனக்கு இரண்டு பல் போயிற்று. அவளைத் தலைமுடியைப் பிடித்துப் படிகளில் இழுத்தார்கள், படிக்குப் படி தலை மோதியது.

கெண்டக்கிக் கரைக்குப் போகும் படகு நடு ஆற்றை எட்டியதும், பக்கத்தில் காவலிருந்தவன் கழுத்தில் தன் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தாள். மறுநாள் இரண்டு உடலும் கரை ஒதுங்கின. நான்தான் அவளைக் கழுவினேன்.

படகில் ஏற்றும் முன் என்னிடம் நாலு வார்த்தை சொன்னாள்.

ஆல்மைரா

வாஷிங்டன்
பிப்ரவரி 25

அன்பு ஆல்மைரா,

அழுதேன். தப்பு என்னுடையதுதான், ஒரு சாக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அவள் சாவு வீணாகக் கூடாது. மறுபடி பேச நேரம் வாங்கியிருக்கிறேன். இதைக் கேட்டால் கல்லும் கரையும். படகுத்துறையில் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்பு. இந்த முறை பெயரையும் சொல்வேன்.

உன் பல் வலி எப்படி இருக்கிறது?

உன்
எலைஷா

ஹார்லன் துறை
மார்ச் 6

சபை உறுப்பினர் திரு. எலைஷா தோர்ன்பி அவர்களுக்கு,

ஒரு மனிதனை இன்னொருவன் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்று நீங்கள் பேசுவது அத்தனையும் உண்மை. அதை நம்பித்தான் உங்களைக் கட்டிக்கொண்டேன், இன்னும் நம்புகிறேன். அதனால்தான் கெசையா சொன்னதை எழுதமாட்டேன். உங்களிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை.

பின்கதவுக்குப் புதுப்பலகை அடித்தாயிற்று. துப்பாக்கியும் வாங்கியாயிற்று. சபைக் கூட்டம் முடிந்ததும் வேறெங்காவது தங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் மறுபடி தப்பி வந்த ஆட்கள் இருக்கிறார்கள். யார், எத்தனை பேர் என்று சொல்லமாட்டேன். வந்ததும், "ஐயா இங்க வருவாராம்மா?" என்று கேட்டார்கள். வரமாட்டார் என்றேன். அதன் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஆல்மைரா