கோவளத்தில் மாப்பிள்ளை மரியாதை

ஜனவரி 19, ஞாயிறு

இன்று சொல்லாதது: கடற்படை அதிகாரித் தேர்வுக்கு என்னைப் பெங்களூருக்கு அழைத்திருக்கிறார்கள். பிப்ரவரிக் கடைசியில். வீட்டில் அதற்குப் பெயர் வங்கித் தேர்வு.

சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. பெண் பார்க்க வந்த சரவணகுமாரே கடற்படைக்காரர், விசாகப்பட்டினத்தில். அப்பா எங்கள் படாளம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பெருமையான வேலை, பெண்ணுக்கு மட்டும் ஏன் பொருந்தாது? கேட்கவில்லை. கல்யாணமானவர்களை அங்கே எடுக்க மாட்டார்கள். இங்கே சித்திரையில் முகூர்த்தம் பார்க்கிறார்கள்.

தனியாகப் பேசவிட்டபோது அவர் சொன்னார்: "பீரங்கி சுடுவீங்களான்னு உங்கப்பா கேட்டாரு. ஆமான்னுட்டேங்க. நான் கரையில, ஸ்டோர்ல கீறேன். அரிசி, பருப்பு. சொல்லிடாதீங்க."

அதையும் சொல்லவில்லை.

ஜனவரி 27

படித்தது: நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலேயத் தளபதி, இரு வரிசையாகச் சென்ற போர்க்கப்பல்களை உள்நோக்கித் திரும்பச் சொன்னார். இடைவெளி போதாது. அருகில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஆணை ஆணைதான். மூழ்கியது தளபதியின் கப்பலே, அவரோடு.

எங்கள் வீட்டிலும் இதே ஒழுங்குதான். கப்பல் மட்டும் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

கோவளம். அப்பாவின் வேனில் மீன் ஏற்றும் சாம் மாமா, தன் ஃபைபர் படகில் இரு குடும்பத்தையும் ஏற்றினார். கரையலை தாண்டியதும் அப்பாவுக்கு மரியாதை நினைவுக்கு வந்தது.

"இன்னா சாமு, நேவி மாப்ளய சும்மா குந்த வெச்சிட்டு நீ ஓட்டினு கீற? அவராண்ட குடு."

"கடலு கொஞ்சம் பேஜாரா கீது, அண்ணாத்த..."

"அவரு பாக்காத கடலா?"

சாம் மாமா இன்ஜின் கைப்பிடியைக் கொடுத்தார். சரவணகுமார் வாங்கிக்கொண்டார். அவருடைய அம்மா அம்சா பூரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுப்பார்? படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. பெரிய அலை ஒன்று வருகிறது. சாம் மாமாவுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிகிறது. மாப்பிள்ளைக்கு நன்றாகவே தெரிகிறது. மரியாதை கருதி எல்லோரும் சும்மா இருக்கிறோம் —

ஐயோ, இன்னா பண்ணிட்டேன் நான்! கத்திட்டேன்:

"குமாரு, வுடு அத! சாம் மாமா, நீங்க புடிங்க, மூக்க அலைக்கு நேரா திருப்புங்க! அப்பா, குந்து கீழ!"

எல்லோரும் கேட்டார்கள். அப்பாகூட. அலை எங்களை நனைத்துவிட்டுப் போயிற்று.

கரையேறிய பிறகுதான் அம்சா வாயைத் திறந்தார். "பேர் சொல்லி அதட்டுது எம் புள்ளய, என் எதிர்லயே! இது நாளைக்கு எனக்கு சோறு போடுமா?"

அந்த 'எம் புள்ள' அப்போது படகு மறைவில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தேங்க்ஸ்ங்க."

பிப்ரவரி 4

மறுத்துவிட்டார்கள். அப்பா: "வாயாலயே கெட்ட நீ."

எவ்வளவு நன்றாகக் கெட்டேன் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 27, பெங்களூரு

"கடைசியாக எப்போது பொறுப்பைக் கையில் எடுத்தீர்கள்?" என்றார் நேர்காணல் அதிகாரி. படகில் நடந்ததைச் சொன்னேன்.

"மாப்பிள்ளை?"

"மறுத்துவிட்டார்கள், சார்."

சிரித்தார். நல்லதுக்கா, கெட்டதுக்கா?

ஏப்ரல் 21

தேர்வாகிவிட்டேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. இன்று சாம் மாமாவிடம் போனில்: "மாப்ள இன்னாத்துக்குபா? நம்ம வூட்லயே நேவி கீது."

ஜூன் 30, எழிமலை

கடற்படைப் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: கேட்டாலொழிய வாயைத் திறக்கக் கூடாது.