இரண்டு வட்டம் உமி

கஹவத்தை
03.02.2025

அன்பு மகள் நுஸ்காவுக்கு வாப்பா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். நான் இருக்கிறேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் பேசியதை நாளைக்கு நான் சொல்லவே இல்லை என்று மாற்ற வசதியாக இருக்கும். ஆகவே தாளில் கேட்கிறேன், நீயும் தாளிலேயே பதில் எழுது.

உன் மாப்பிள்ளை ஸியாம் சனிக்கிழமை அந்தச் சிவப்புக் காரைக் கொண்டுவந்து என் கராஜ் வாசலில் விட்டார். ரெண்டு பேர் மட்டும் உட்காரும் அந்த ஓட்டப் பந்தயக் காருக்கு என் கராஜ் வாசல் மேட்டில் ஏறவே பயம். பலகை வைத்துத்தான் ஏற்றினோம்.

“மாமா, ரேடியேட்டர் பேன் ரெண்டும் சூடு ஏறினப் பொறகுதான் சுத்துது. கொஞ்சம் முந்தியே சுத்துற மாதிரி செஞ்சு தாங்க. என்ஜின் இன்னும் குளிரா ஈக்கோணும்” என்றார்.

“கொழும்புல லேப்டாப்ப வச்சு இதச் செய்ற ஆக்கள் எத்தனை பேர் ஈக்காங்க. என்னத்துக்கு எனக்கிட்ட?”

“நீங்கண்டா நல்லாச் செய்வீங்க மாமா.”

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ ஊற்றப் போனேன். பஸ் வந்துவிடும் என்று ஓடிவிட்டார். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் ஒரு பல்பு மாற்றக்கூட என்னிடம் கேட்காத மனுசன் இப்போது என் கைவேலையைப் புகழ்கிறார். எனக்கு இது சரியாகப் படவில்லை.

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் கராஜ் வழக்கம் உனக்குத் தெரியும். வேலையைச் சொன்னவர் யாரோ, சாவி அவர் கைக்குத்தான் திரும்பிப் போகும். முன்னொரு காலத்தில் ஒரு ஜீப்பின் சாவியை, தம்பி என்று வந்தவனிடம் கொடுத்துவிட்டுப் பட்ட பாடு போதும்.

இந்தக் காரை எங்கே கொண்டுபோய் இப்படிச் சூடாக்குகிறார் என்று எழுது.

இப்படிக்கு வாப்பா,
மு. சாலி


தெஹிவளை
06.02.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பிள்ளைக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

வாப்பா, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? காலி வீதியில் காலையில் ஏறினால் ஊர்ந்துதான் போக வேண்டும். கார் நின்றுகொண்டே இருக்கும், ஏசியும் ஓடும், சூடு காட்டும் முள் ஏறிவிடும். அவ்வளவுதான். லேப்டாப்காரர்கள் ஒன்றைத் திருத்தி இன்னொன்றைக் கெடுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். நீங்கள் குறை சொன்னால்தான் உங்களுக்கு நிம்மதி என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் டீ குடிக்காமல் ஓடியிருப்பார்.

பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். போன முறை போல வேலையில் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
நுஸ்கா


கஹவத்தை
11.02.2025

அன்பு மகளுக்கு,

மாத்திரை போடுகிறேன். நான் கேட்டது மாத்திரையைப் பற்றி அல்ல.

பேனை ஓடவைக்கும் சூட்டுச் சுவிட்சைக் கழற்றி, கேத்தல் தண்ணீரில் தொங்கவிட்டு, ஒரு பல்பையும் மாட்டி அடுப்பில் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றேழு டிகிரியில்தான் பல்பு எரிந்தது. அது தொழிற்சாலையில் வைத்த கணக்கு, பழுது இல்லை. ஆகவே பெல்மதுளைப் பழைய சாமான் கடையில் நாள் முழுக்கக் கிண்டி, எண்பத்தெட்டில் பற்றும் ஒன்றை எடுத்தேன். மரை சரியாகப் பொருந்துகிறது. இன்னும் கீழே இறக்க ஏலாது. இறக்கினால் பேன் ஓயாமல் சுற்றி பேட்டரியைத் தின்றுவிடும்.

அதை மாட்டுவதற்கு முன் ரேடியேட்டரைக் கழுவலாம் என்று முன்பக்கம் கழற்றினேன். அப்போது தேயிலைத் தோட்டத்து இருளப்பன் ஆட்டோவுக்குக் கிளச் கம்பி போட வந்திருந்தான். காரைச் சுற்றி வந்து பார்த்தான்.

“நானா, பொண்டாட்டிய ஏத்துனா மாமியாள விட்டுட்டுத்தான் போகணும். இவ்வளவு அறிவா எவன் வண்டி செஞ்சான்?” என்றான். பிறகு குனிந்து பார்த்து, “என்னங்க இது, உள்ள கோழி வளர்க்குறீங்களா?” என்று கேட்டான்.

உமி, மகள். நெல்லுமி. ரேடியேட்டர் முகத்தில் அடையடையாக ஒட்டியிருந்தது.

காலி வீதியில் யார் நெல் குத்துகிறார்கள்?

எடுத்த உமியைப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். பதில் எழுது.

வாப்பா


தெஹிவளை
14.02.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

எம்பிலிப்பிட்டியவில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வழியில் உமி ஏற்றிய லொறிக்குப் பின்னால் நெடுந்தூரம் போக வேண்டியதாயிற்று. அதுதான். தயவுசெய்து வேலையை முடித்துத் தாருங்கள் வாப்பா. நோன்பு வருவதற்குள் கார் தேவை.

நுஸ்கா


கஹவத்தை
17.02.2025

மகள் நுஸ்காவுக்கு,

லொறிக்குப் பின்னால் ஓடிய காரில் உமி ரேடியேட்டர் முழுக்கப் பரவலாக அடித்திருக்கும். இதில் அப்படி இல்லை. இரண்டு பேன்களுக்கும் நேரே, தட்டு வைத்து வரைந்ததுபோல இரண்டு வட்டம். மூலைகள் சுத்தம். உமி ஒட்டிய நேரத்தில் கார் ஓடவில்லை. உமி பறக்கும் இடத்தில் நின்றுகொண்டு, என்ஜினையும் ஓடவிட்டு, பேன் இழுத்து இழுத்துச் சேர்த்த உமி அது. ஒரு நாளில் சேர்ந்ததும் அல்ல. அடியில் கறுத்துப் போன பழைய உமி, மேலே புது உமி.

எம்பிலிப்பிட்டியவுக்குப் போகும் வழியில் கொடகவெல இருக்கிறது. கொடகவெலயில் உன் மாமா பாறூக்கின் நெல் மில் இருக்கிறது. அந்த மில்லின் உமிக் குழாய் ரோட்டுப் பக்கம்தான் கக்கும். அதைத் திருப்பி வை என்று நானே அவனிடம் சொன்ன காலம் ஒன்று இருந்தது.

ஆக, ஸியாம் அவனோடு சேர்ந்துவிட்டார். என்ன கூட்டு வியாபாரம் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பாறூக் யார் என்று உனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அவன் லொறியின் வீல் கழன்று வயலுக்குள் போனபோது, கடைத்தெருவில் நின்று, “படிச்சு வந்த மெக்கானிக்கிட்ட குடுத்திருக்கோணும்” என்று சொன்னவன் அவன். அந்த நட்டுகளை நான் இறுக்கினேன். இறுக்கிவிட்டு, யாரும் கழற்றினால் தெரியட்டும் என்று ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டால் கோடும் போட்டேன். அதற்குப் பிறகு யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஊர் என்ன சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை. அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது உன் உம்மா கேட்டாள், “ஒருவேளை நீங்கதான் இறுக்க மறந்தீங்களோ?” என்று. நான் சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன். அவள் தன் தம்பி பாறூக்கின் வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அந்த மில் வாசலை மிதித்த கால் என் வாசலில் படக்கூடாது என்று அன்றே சொன்னேன். இன்றும் அதுதான்.

உண்மை வரும்வரை கார் இங்கேயே நிற்கும்.

சாலி


தெஹிவளை
20.02.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

நீங்கள் வாப்பா என்று போடாமல் கையெழுத்து வைத்த முதல் கடிதம் இது. ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன்.

ஸியாமுக்கு மாமாவோடு ஒரு வியாபாரமும் இல்லை. அந்தக் காரைக் கொடகவெலைக்கு ஓட்டிப் போவது நான். மாதத்தில் இரண்டு தரமாவது போகிறேன். உம்மாவைப் பார்க்க.

அந்த வாசலை நான் மிதிக்கவில்லை வாப்பா. உங்கள் பேச்சை மீறவில்லை. ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஹோன் அடிப்பேன், உம்மா வந்து பக்கத்து சீட்டில் ஏறுவா. இறங்காமலே பேசிவிட்டு இறங்காமலே திரும்பி வருவேன். எங்கேயாவது ஓட்டிப் போகலாம் என்றால் வளைவுகளில் அவவுக்குத் தலை சுற்றும். அதனால் அங்கேயே நிற்போம்.

உம்மாவுக்கு இப்போது மூச்சு சரியில்லை. மில் தூசு. தகரக் கூரையின் வெக்கை. கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டால்தான் இழுப்பு அடங்கி நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவா. “இது உள்ள ஈக்கக்குள்ளதான் எனக்கு மூச்சு ஈக்கு மகள்” என்பா. அதனால் என்ஜினை நிறுத்துவதே இல்லை. போன மாதம் முள் சிவப்புக்குப் போய், ஏசியை அணைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு உம்மா பட்ட பாட்டை நான் எழுதமாட்டேன்.

கொழும்பில் லேப்டாப்காரரிடம் கொடுப்போம் என்றுதான் ஸியாம் சொன்னார். உம்மாதான் விடவில்லை. “அதயிதச் செஞ்சு கெடுத்துப்போடுவாங்க. அந்த மனுசன்ட குடுங்க. அவர் இறுக்கினா இறுக்கினதுதான்” என்றா. நான் அவவின் முகத்தைப் பார்த்தேன். அவ கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டா. “நான் சொன்னண்டு செல்ல வாணாம்” என்றா. நான் இப்போது சொல்லிவிட்டேன்.

உங்களுக்குக் கோபம் என்றால் என்மேல் காட்டுங்கள். ஆனால் வேலையை மட்டும் முடித்துத் தாருங்கள் வாப்பா. வெயில் கூடிக்கொண்டு வருகிறது. உங்கள் பதில் கண்டதும் ஸியாமை அனுப்பட்டுமா?

உங்கள் மகள்,
நுஸ்கா


கஹவத்தை
24.02.2025

அன்பு மகள் நுஸ்காவுக்கு வாப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடித் திரும்பவும் வாசித்தேன்.

நான் காலைப் பற்றித்தான் சொன்னேன், டயரைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த இடத்தில் உன்னைப் பிடிக்க எனக்கு வழியில்லை. இந்தப் புத்தி யாரிடமிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

எண்பத்தெட்டுச் சுவிட்சைப் போட்டுவிட்டேன். ஆனால் உன் கடிதத்துக்குப் பிறகு அது போதாது என்று தெரிந்தது. ஓடுகிற காருக்குக் காற்று தானாக வரும். நிற்கிற காருக்கு வராது. ஆகவே ஏசியைப் போட்ட உடனே இரண்டு பேனும் சேர்ந்து சுற்றும்படி ஒரு ரிலே வைத்திருக்கிறேன். உமி அடைக்காமல் முன்னால் கழற்றிக் கழுவும் வலையும் போட்டேன். இடது பக்கத்து ஏசி வாய் உடைந்து கூரையைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. அதை நேராக்கினேன். அதை யாரும் கேட்கவில்லை. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த வேலையெல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

உன் உம்மா அப்படிச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறாய். எம்பிலிப்பிட்டியக் கல்யாணத்தையும் இதே கையால்தான் எழுதினாய். ஆகவே நீ சொல்வதை வைத்து நான் எதையும் நம்புவதாக இல்லை.

ஸியாமை அனுப்பாதே. சாவியை அவரிடம் கொடுக்கமாட்டேன். உன்னிடமும் கொடுக்கமாட்டேன். வேலையைச் சொன்னது உன் உம்மா என்று நீயே எழுதிவிட்டாய். சாவி லதீபாவின் கைக்குத்தான் போகும். கராஜ் வழக்கத்தை யாருக்காகவும் மாற்ற ஏலாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வேறு வேலை எதுவும் எடுக்கவில்லை. அவளைப் பஸ்ஸில் கூட்டி வராதே. ஏசி வேன் ஒன்று பிடி. கண்ணாடியைத் திறக்க வேண்டாம். பாறூக் வரவேண்டியதில்லை. வாசலைப் பற்றி நான் சொன்னது அப்படியேதான் இருக்கிறது, ஆகவே வேனைக் கராஜுக்குள்ளேயே விடச் சொல். காரின் கதவுக்கு ஒட்டினாற்போல் நிறுத்தினால் கால் எங்கும் பட வேண்டியதில்லை.

லொறி நட்டுப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லி வை. இந்தக் காரில் நான் இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் கோடு இருக்கிறது. வேண்டுமானால் பார்த்துக்கொள்ளட்டும்.

பேன் சரியாக வேலை செய்கிறதா என்று காரை நிறுத்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏசியைப் போட்டு, ஆள் ஏறியிருந்து, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்குமாவது பார்க்க வேண்டும். அவள் இடது பக்கம் ஏறட்டும். முள்ளைப் பார்க்க ஸ்டியரிங் பக்கம் நான் இருக்கிறேன்.

நீ வெளியே நில். அதில் ரெண்டு சீட்தான் இருக்கிறது.

வாப்பா