துவாதசிக் காலையில் மட்டும்

பிரமாதீச வருஷம், ஆவணி 5. பவானிபூர், கல்கத்தா

மழை விடவில்லை. துவரம் பருப்பு வேகவில்லை. மோட்டாரின் இடது விளக்குக் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. அவரைக் கேட்டதற்கு, "அது எப்பவோ உடைஞ்சது" என்றார். நேற்று சாயங்காலம் நான்தான் அதைத் துடைத்தேன். முழுசாக இருந்தது. திருப்பிச் சொல்லவில்லை.

இந்த நோட்டு என் பெண் ஜலஜாவுடையது. முன்பாதியில் பாட்டும் கோலமுமாக எழுதி வைத்திருக்கிறாள். பின்பாதி வெற்றுத் தாள். நான் மூன்றாம் வகுப்போடு சரி. தப்பு இருந்தால் இருக்கட்டும், யார் படிக்கப் போகிறார்கள்.

ஆவணி 9

இன்று ஜலஜாவின் திதி. மூன்று வருஷம். இந்த வீட்டில்தான் பிரசவத்தில் போனாள், குழந்தையும் தங்கவில்லை. ஆனாலும் கொடுத்த பெண்ணுக்குத் திதி அவள் புருஷன் வீட்டில்தான். நமக்கு ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் சாதாரணச் சமையல். வாழைக்காய்க் கறி, ரசம்.

ஆவணி 13

பட்டாபிராமன் வந்திருந்தார். கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் இருப்பவர். இவருக்கு இருபது வயசு இளையவர், ஆனாலும் சிநேகம். "மாமி, மாமா வண்டியில ஏறினா காசிக்குப் போகவே வேண்டாம். நேரே கைலாசம்தான்" என்று சிரித்தார். இவரும் சிரித்தார்.

வண்டி வந்த கதை இது. கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்து விலகினபோது, சீமைக்குத் திரும்பிய துரை தன் பழைய மோட்டாரை இவருக்கே விட்டுவிட்டுப் போனார். அறுபது வயசில் ஓட்டக் கற்றுக்கொண்டார். இப்போது அறுபத்திரண்டு. மெட்ராஸ் மெயிலில் நம்மவர் யார் புதிதாக வந்தாலும் ஹாவ்ரா ஸ்டேஷனுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வருவார். காலையில் தங்கை காமுவைக் காளிகாட்டுக்கு ஸ்நானத்துக்குக் கூட்டிப் போவார். ஜலஜா போன பிறகு படுத்தபடி கிடந்த மனுஷன், இந்த வண்டி வந்தபின்தான் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார். அதனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. நானும்தான்.

ஆவணி 18

காமு ஸ்நானம் முடிந்து வந்ததும் சமையலறைக்குள் வந்து மெதுவாகச் சொன்னாள். "மன்னி, அண்ணா கண்ணைத் திறந்துண்டே தூங்கறான்."

"என்னடி உளர்றே?"

"ட்ராம் எதிரே வரது. அண்ணா அதைப் பாத்துண்டுதான் இருக்கான். திருப்பவே இல்லை. நான் போட்ட கூச்சல்ல ட்ராம்காரனே நிறுத்திட்டான். நாளைலேர்ந்து நான் நடந்து போறேன். விதவை செத்தா யாருக்கும் நஷ்டமில்லை, ஆனா கங்கையில விழுந்து சாகறேன், ட்ராமுக்கு அடியில வேண்டாம்."

காமுவுக்கு வாய் ஜாஸ்தி. ஆனால் பொய் சொல்ல மாட்டாள்.

ஆவணி 19

தூங்காததால்தான் இப்படியோ என்று பார்த்தால், அவர் நன்றாகத் தூங்குகிறார். ஜலஜா போன மாசம் டாக்டர் பாபு ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். மாவு வில்லைக்குள் வைத்து மூடித் தருவார்கள். தண்ணீரில் நனைத்து விழுங்க வேண்டும். அதைப் போட்டால் அரை மணியில் தூக்கம். மூன்று வருஷமாக இரவில் வில்லையும் தம்ளருமாகக் கொண்டு போய்க் கொடுப்பது நான்தான்.

ஒன்று எழுதிவிடுகிறேன். அவர் தூங்கினால் எனக்கும் சௌகரியம். அப்போதுதான் நான் அழ முடியும்.

ஆவணி 27

நேற்று ஏகாதசி. ஏகாதசியில் மட்டும் அவர் வில்லை போடுவதில்லை. காமு ஒருநாள் மருந்துக் கடையில், "இந்த வில்லையை எதுலடா பண்றேள்?" என்று கேட்டுவிட்டாள். அரிசி மாவு என்று கம்பௌண்டர் சொல்லிவிட்டான். அன்று முதல் ஏகாதசிக்கு அது ஆகாது என்று ஆகிவிட்டது.

ராத்திரி முழுக்கப் புரண்டார். காலையில் கண் ரெண்டும் சிவப்பு. துவாதசிப் பாரணை பண்ணிவிட்டு வண்டியை எடுத்தார். எங்கள் சந்து முனையில் ஒரு கல் நட்டிருக்கிறது. தினமும் சக்கரம் அதில் ஏறி இறங்கும், எனக்கு அடுப்பங்கரையில் கேட்கும். இன்று கேட்கவில்லை. இன்னும் கிளம்பவில்லையோ என்று எட்டிப் பார்த்தேன். வண்டி எப்போதோ போய்விட்டது.

தூங்காதவர் நேராக ஓட்டுகிறார். தூங்கினவர் கல்லில் ஏற்றுகிறார். இது என்ன?

புரட்டாசி 2

பட்டாபிராமனிடம் காமு ட்ராம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் இவரிடம், "மாமா, உங்களுக்குத் தூக்கம் பத்தலை. நாளைக்கு ஹாவ்ரா போகணுமே, இன்னிக்கு ரெண்டு வில்லையாப் போட்டுக்கோங்கோ. காலம்பற ஜம்முனு இருக்கும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

ரெண்டு கொடுத்தேன்.

புரட்டாசி 3

எழுத மனசு இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் ஹாவ்ராவுக்குக் கிளம்பினார். கால் மணியில் திரும்பி வந்து காபி கேட்டார். கொடுத்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் சத்தம். தெருவுக்குத் தண்ணீர் சுமக்கிற ஒரியாக்காரன் தாமோதரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பாதம் நசுங்கியிருக்கிறது. மோட்டார் ஏறிப் போயிற்றாம், நிற்கவே இல்லையாம்.

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். "ஐயோ பாவம், யார் வண்டி?" என்றார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"நானா? நான் இன்னிக்கு வண்டியே எடுக்கலையே."

பொய் இல்லை. முப்பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்குப் புருஷன் பொய் சொன்னால் தெரியாதா? நான் போய் வண்டியின் மூக்கில் கை வைத்தேன். கொதித்தது.

பகவானே, ரெண்டு வில்லையையும் நான்தானே குடுத்தேன்.

புரட்டாசி 4

தாமோதருக்கு மூன்று விரல் எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு இவர் பழம் கொண்டு போனார். நடந்து போனார்.

புரட்டாசி 7

மறுபடி வண்டியை எடுத்துவிட்டார். கல்லில் ஏறிற்று.

புரட்டாசி 11

நேற்று ஏகாதசி. ராத்திரி வில்லை இல்லை. இன்று வண்டியில் நானே ஏறி உட்கார்ந்தேன். ஆச்சரியமாகப் பார்த்தார். ரஸா ரோடு வரை போய் வந்தோம். மாட்டு வண்டிக்கு ஒதுங்கினார், பசங்களைப் பார்த்து ஹாரன் அடித்தார், திருப்பத்தில் கை காட்டினார். கண் எரிகிறது என்றார், ஆனால் எல்லாம் கண்ணில் பட்டது. எனக்கு இனிமேல் சந்தேகமில்லை.

புரட்டாசி 13

காமுவும் நானும் குதிரை வண்டி வைத்துக்கொண்டு டாக்டர் பாபுவிடம் போனோம். இவரிடம் சொல்லவில்லை. என் வங்காளி பாதி வங்காளி, மீதியைக் காமு கையால் பேசினாள்.

டாக்டர் பழைய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "மா, இது ஒரு மாசத்துக்கு எழுதினது. மூணு வருஷமா யார் கொடுத்தா?" கம்பௌண்டர் அதே சீட்டைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். நாங்களும் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

வாலிபன் போட்டால் விடிவதற்குள் உடம்பை விட்டுப் போய்விடுமாம். வயசான உடம்பு விடாதாம். நேற்றையது தீர்வதற்குள் இன்றையது சேர்ந்துவிடும், நடப்பார், பேசுவார், கணக்குப் போடுவார், ஆனால் கை காலுக்குச் செய்தி மெதுவாகப் போகும், நடந்தது நினைவிலும் நிற்காது என்றார். சட்டென்று நிறுத்தவும் கூடாதாம், வலிப்பு வரலாமாம். மாசக் கணக்கில் குறைக்க வேண்டும். முழுக்க விட்டு ஒரு மாசம் ஆகிற வரை வண்டியைத் தொடக்கூடாது.

"ஏகாதசிக்கு மறுநாள் சரியா ஓட்டறாரே" என்றேன். டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "கொஞ்சம் தெளிவார் மா. அதை நீங்க கண்டுபிடிச்சேளா?" என்றார்.

புரட்டாசி 14

டாக்டர் சொன்னதை இவரிடம் சொன்னேன். "டாக்டருக்கு மோட்டார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

புரட்டாசி 20

நாளைக்கு ஸப்தமி, துர்க்கா பூஜை ஆரம்பம். தெருவெல்லாம் புதுத் துணி கட்டிய குழந்தைகள், இப்போதே தப்பட்டைச் சத்தம். பட்டாபிராமனின் மனைவி ஜெயலக்ஷ்மியையும் மூன்று குழந்தைகளையும் துர்க்கை பார்க்க மோட்டாரில் கூட்டிப் போவதாக இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஜெயலக்ஷ்மியிடம் சொல்லிப் பார்த்தேன். "மாமா ஆசையாக் கூப்பிடறார் மாமி, எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்கிறாள்.

வண்டியின் முன்னால் செருகிச் சுற்றுகிற இரும்பு ஹாண்டில் இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. அவர் சந்தியாவந்தனத்தில் இருக்கும்போது எடுத்துவிட்டேன். எங்கே ஒளிப்பது? இந்த வீட்டில் அவர் கை படாத இடம் ஒன்றுதான், காமுவின் மடிப் புடவை வைக்கிற கூடை. யார் தொட்டாலும் மறுபடி நனைத்து உலர்த்துவாள். அவளிடம் கேட்கக் கூசிற்று. அவளே கையை நீட்டினாள். எண்ணெய்ப் பிசுக்கோடு வாங்கிப் புடவைக்கு நடுவில் வைத்தாள்.

"மன்னி, ஒண்ணும் சொல்லாதே. அப்புறம் நனைச்சுக்கறேன்."

புரட்டாசி 21

காலையிலிருந்து தேடினார். வண்டிக்கடியில், பரணில், அரிசி டின்னில். ஜெயலக்ஷ்மி குழந்தைகளோடு வந்து காத்திருந்துவிட்டு நடந்தே போய்விட்டாள். கடைசியில் சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

"எடுத்தவா குடுத்துடுங்கோ."

காமு, "நான் மடி. கிட்ட வராதே" என்று கூடைக்கு முன்னால் நின்றாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "ஏன்னா, தாமோதர் கால்ல ஏத்தினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லை" என்றார். "அதான் பயமா இருக்கு."

"அப்ப ஏன் ஓட்டறேள்?"

"ஓட்டலேன்னா காலம்பற எழுந்து நான் எங்கேடி போறது?"

"பொடியை விடுங்கோ, மெதுவா."

"பொடி இல்லாம படுத்தா அவ கத்தினது கேக்கறது. நீ உள்ள அவ பக்கத்துல இருந்தே. கையைப் பிடிச்சுண்டே. நான் வாசல்ல நின்னுண்டிருந்தேன். வாசல்ல நிக்கறவனுக்குச் சத்தம் மட்டும்தான்."

மூன்று வருஷத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. தூங்க வைத்துவிட்டேன்.

"ரெண்டும் சேர்ந்து கூடாது. ஏதாவது ஒண்ணை விடுங்கோ. எதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

புரட்டாசி 23

வில்லை கேட்டார், கொடுத்தேன். ஹாண்டிலைக் கேட்கவில்லை.

புரட்டாசி 26

நேற்று ஏகாதசி. காலையில் பாரணை முடிந்ததும், "பாகீரதி, இன்னிக்கு நான் தெளிவா இருக்கேன். கொடு. ஒரு இடத்துக்குப் போகணும்" என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். விழுந்தால் சேர்ந்து விழலாம் என்றுதான்.

ஒரு கல்லிலும் ஏறவில்லை. வக்கீல் முகர்ஜி பாபு வீட்டு வாசலில் நிறுத்தினார். அந்த மனுஷர் ரெண்டு மாசமாக இந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம், எனக்குத் தெரியாது. ஹாண்டிலை அவர் கையில் வைத்து, "குளிர் நாள்ல ரெண்டு தரம் சுத்தணும், மூணாவதுக்குக் கிளம்பும்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பி நடந்து வந்தோம். நடுவழியில், "அவ கத்தறதை என்னால கேக்க முடியலைடி. வண்டியை விட முடியும்" என்றார். நான், சரி என்றேன்.

ஐப்பசி 3

டாக்டர் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வில்லையில் பொடி முக்கால்தான். இவருக்குத் தெரியும், ஒளிக்கவில்லை.

ஐப்பசி 12

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்தார். நானும் எழுந்து உட்கார்ந்தேன். அவள் சின்னதில் பட்டாசுக்குப் பயந்து இவர் வேஷ்டிக்குள் புகுந்துகொண்டதைப் பேசினோம். அழுதோம், ரெண்டு பேரும் ஒரே சமயத்தில்.

கார்த்திகை 8

பாங்கியில் மாற்றலாகி வெங்கடசுப்ரமணியன் என்று ஒருவர், மனைவி விஜயலக்ஷ்மியோடு மெட்ராஸ் மெயிலில் வந்தார். கூட்டிவரப் போனோம். நானும் போனேன். தர்மதலாவில் ட்ராம் மாறி, பாலத்தடியில் இறங்கி, மிதவைப் பாலத்தை நடந்து தாண்டினோம். இருபத்தேழு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், அதன்மேல் நடந்தது இன்றுதான். காலடியில் லேசாக அசைகிறது.

வெங்கடசுப்ரமணியன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். "மாமா மோட்டார்ல வருவார்னு ஊர்ல சொன்னாளே?"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.

"வித்துட்டேன்" என்றார் இவர். "தூக்கத்துக்கு மருந்து சாப்பிடறவன் ஓட்டப்படாது. நான் ஓட்டி ஒருத்தன் காலை நசுக்கிட்டேன். வாங்கோ, ட்ராம் இருக்கு."

பெட்டி படுக்கையைக் கூலிக்காரன் தலையில் ஏற்றினோம். திரும்பும்போது ட்ராமில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். லால்திகி குளத்தைத் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. விஜயலக்ஷ்மி, "மாமா அசந்துட்டாரே" என்றாள். "தூங்கட்டும்" என்றேன். இறங்கவேண்டிய இடத்தை நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.