இமை இல்லாத காவல்

அன்பு மகள் ஸுஹைருக்கு, உன் தந்தை அப்துல் மவ்ஜூத் சலாம் சொல்லி எழுதச் சொல்வது. உன்மேலும் உன் வயிற்றில் இருப்பதன்மேலும் ஆண்டவன் அருள் இருக்கட்டும். நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடை நாதிர் எழுதுகிறார்.

முதலில் உட்கார்ந்துகொள். உன் அம்மா பாம்பு வாங்கியிருக்கிறாள். ஆமாம், உயிருள்ள பாம்பு. நாதிர் பேனாவை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் புறா பார்க்கலாம் என்றுதான் அழைத்துப் போனாள். நேரே பாம்பு பிடிக்கும் ரிஃபாயிக்காரன் முன்னால் போய் நின்று, "வீட்டுக்கு ஒரு காவல் வேணும்" என்றாள். நம் பழைய வீட்டில் ரொட்டி அடுப்புக்குப் பின்னால் ஒரு பாம்பு இருந்ததே, வீட்டுக் காவல் என்று அதற்கு உன் அம்மா முட்டை வைப்பாளே, அது சாலைக்காக வீட்டை இடித்தபோது மண்ணோடு போயிற்று. இந்த நாலாம் மாடிக்குக் காவலே இல்லை என்று அப்போதிருந்தே முணுமுணுப்பாள். ஏதோ சொல்கிறாள் என்று விட்டிருந்தேன்.

அவன் கொழுத்த ஒன்றை எடுத்து நீட்டினான். "எடுத்துக்க ஹாஜ்ஜா, பல்லெல்லாம் புடுங்கியாச்சு. பச்சக் கொழந்த மாதிரி."

"பல்லில்லாத காவக்காரர் வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு" என்று என்னைக் காட்டினாள். சந்தையே சிரித்தது. அடுத்ததற்கு வாயைத் தைத்திருந்தது. "பசிச்சா இது எப்படிடா தின்னும், பாவி?" என்று அவனைப் பிடித்து உலுக்காத குறை. மூன்றாவது மணல் நிறத்தில் ஒல்லியாக இருந்தது. பல் உண்டு, ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது என்றான். இவள் குனிந்து, "கண்ண மூடுமா?" என்று கேட்டாள்.

"பாம்புக்கு ஏது இமை ஹாஜ்ஜா? எப்பவும் முழிச்ச கண்ணுதான்."

பேரம் பேசாமல் வாங்கிவிட்டாள். உன் அம்மா இன்ஸாஃப், பேரம் பேசாமல்! பாம்பைவிட அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

கண்ணாடிப் பெட்டியை உன் அறையில், தொட்டில் கிடந்த இடத்திலேயே வைத்தாள். பிள்ளை பெற வருகிறவள் அறையில் பாம்பா என்று கத்தினேன். "நானா, அதுவா, சொல்லு" என்றேன். "அது என்னைத் திட்டறதில்ல" என்றாள். நீ மாமியார் வீட்டிலேயே பெற்றுக்கொள், இங்கே வராதே என்று எழுதத்தான் நாதிரை வரச் சொன்னேன்.

அவர் வருவதற்கு முன்னால் அந்த அறைப் பக்கம் போனேன். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பாம்போடு பேசிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நான் கண்ணசந்துட்டேன். உனக்குத்தான் இமையே இல்லியே. இந்தத் தடவ நீ பாத்துக்க."

அவள் பார்த்துக்கொண்டிருந்த உன் முதல் குழந்தை ஹாஸிமுக்குத் தொட்டிலிலேயே மூச்சு நின்ற அந்த மத்தியானம் அவள் அழவில்லை. பச்சைப் போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். யார் தப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை போலிருக்கிறது.

நீ அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அது அவளுக்குப் போதவில்லை, மகளே. வா. பாம்பு என்னிடம் இருக்கட்டும், கட்டிலடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். பிள்ளை பிறந்ததும் அவள் மடியில் கொடுத்துவிட்டு நீ தூங்கு. அவள் பார்க்கும்படி, நன்றாகத் தூங்கு.

இந்த வீட்டில் எல்லோரும் பயமில்லாமல் கண்மூட ஆண்டவன் அருளட்டும்.

உன் தந்தை
அப்துல் மவ்ஜூத்