அறுத்துப் போட்ட சேணம்

அன்புள்ள தம்பி கார்லுக்கு,

அண்ணி மார்லிஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அலாஸ்காவில் இப்போதே குளிர் ஆரம்பித்திருக்கும். மீன் ஆலையில் ஈரக் கையுறையோடு நிற்காதே, சொன்னால் கேள்.

மரத்தில் கயிற்றால் கட்டிக்கொண்டு தொங்கியபடியே வேட்டையாடுகிற சேணம், நீ அனுப்பியது, வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் உன் அண்ணன், "என்னடி இது, குழந்தைக்குக் கட்டுற துணி மாதிரி இருக்கு! இதுல தொங்கிக்கிட்டு நான் மான் சுடணுமா?" என்று சிரித்தார். வேட்டைக் குடிலுக்கு வருகிற எல்மர் வேறு, "ரெய்னோ, தொட்டிலை யாரு ஆட்டுவா?" என்று கேட்டுக் கேலி செய்தான். சிரிப்பு அடங்கியதும் உன் அண்ணன் அதைக் கொண்டுபோய்க் கொட்டகையில் மாட்டிவிட்டார்.

நீ போனில் கெஞ்சியதெல்லாம் நியாயம்தான். மரத்துப் பரண் வேண்டாம், சேணம் என்றால் தரையிலிருந்தே கயிறு ஆளை மரத்தோடு பிணைத்திருக்கும், கால் வழுக்கினாலும் விழ முடியாது என்றாய். ஆனால் உனக்கு ஒன்று தெரியாது. போன வருஷம் உன் அண்ணனோடு வேட்டைக்குப் போகிற அர்வோ பரணிலிருந்து விழுந்து செத்தான் என்றுதானே உன்னிடம் சொன்னோம்? அவன் தரைக்கு வரவே இல்லை தம்பி.

பரணில் உட்காரும்போது பாதுகாப்புக் கயிறு முகத்தில் இடிக்கிறது என்று நம் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்திருக்கிறான். தலைக்கு மேலே கட்ட வேண்டியதை இடுப்பு உயரத்தில் தளர்வாகக் கட்டிவிட்டான். வழுக்கியதும் கயிறு அவனைப் பிடித்தது. பிடித்து, பரணுக்குக் கீழே, மரமும் எட்டாத இடத்தில் தொங்கவிட்டது. உடம்பில் மாட்டியிருந்த வாரின் தொடைப் பட்டை இறுகி ரத்த ஓட்டமே நின்றுவிட்டதாம். தேடிப் போனது உன் அண்ணன்தான். கத்தியால் அறுத்து இறக்கியதும் அவர்தான். அர்வோவின் மனைவி கேட்டுக்கொண்டதால் வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இவர் கயிறே கட்டுவதில்லை. வில் வேட்டைக் காலம் முழுக்க, உறைபனி படிந்த பலகையில், இந்த வயதில், சும்மா ஏறி உட்கார்ந்தார்! கேட்டால், "விழுந்தா ஒரே அடியா போயிடுவேன். தொங்க மாட்டேன்" என்கிறார். இப்படியும் ஒரு வீம்பு உண்டா? அவர் வீடு திரும்பும் வரை எனக்கு ஒரு வாய் காப்பி இறங்குவதில்லை.

போன ஞாயிறு அவர் சவுனா நீராவிக் குளியலறை அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் அந்தச் சேணத்தை மாட்டிக்கொண்டு முற்றத்து மேப்பிள் மரத்தில் என்னைக் கட்டிக்கொண்டேன். எப்படிக் கட்டுவது என்று முன்பே படித்து வைத்திருந்தேன். கால் மரத்தில் மாட்டிய மிதிப்படியில், முழங்கால் மரத்தில், இடுப்புக்குக் கீழே துணி தாங்குகிறது. நாற்காலியில் சாய்ந்த மாதிரிதான் இருந்தது. "இங்க பாருங்க, நான் ஒண்ணும் செத்துப்போகல!" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்த முகத்தை என்னால் எழுத முடியாது. கோடரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நான் "வேணாம், வேணாம்" என்பதற்குள் இடுப்புக் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டார். மல்லாக்க விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், எழுத்துக் கோணலை மன்னித்துவிடு. அவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே கத்தினார்: "மூச்சு விடுடா அர்வோ! மூச்சு விடு!"

பதினைந்தாம் தேதி துப்பாக்கி வேட்டை தொடங்குகிறது. பள்ளிக்கூடத்துக்கே அன்று விடுமுறை விடுகிற ஊர் இது. இவரை மட்டும் வீட்டில் பிடித்து வையுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? நேற்று துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டார். ஏணியைச் சரி பார்த்தார். கயிறு எதையும் தொடவில்லை.

புதுக் கயிறு அனுப்பாதே. சேணமா பரணா என்று இனி அவரோடு வாதாடவும் வேண்டாம். நீயே வா. அவர் ஏறுகிற மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு மேல ஏற பயமா இருக்குண்ணே, நீயும் கீழயே இரு" என்று சொல். தனக்குப் பயம் என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். தம்பிக்குப் பயம் என்றால் இறங்கி வருவார்.

கடவுள் உன்னை வழியில் பத்திரமாகக் காக்கட்டும். பதினைந்துக்கு முன்னால் வந்துவிடு.

உன் அண்ணி,
மார்லிஸ்